குடத்தின் கழுத்தும் தோட்டாவின் கழுத்தும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

ஒரு பொருள் பழுதுபட்டவிடத்து, “யார் கெடுத்தார்?” என்னும் வினாவே நம் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. “எதனாற் கெட்டது?” என்னும் வினா பின்னரே எழுகின்றது, சிலவிடங்களில் எழுவதேயில்லை. இவ்விரு வினாக்களும் முறைமாறி நின்றமையால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையையும், அப்பிழையை எனக்கு உணர்த்திய ஒரு சிறு கல்வியையும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

கல்வியின் பொருளோ, துப்பாக்கித் தோட்டாவின் கழுத்து. தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் மாணவனுக்குத் தோட்டாவோடு என்ன உறவு என்று ஆசிரியப் பெருமக்களும் உடன்பயில்வோரும் நகைத்தல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். தோட்டாவின் கழுத்தை அறியாதிருந்தேனாயின் எங்கள் அப்பாயியின் குடத்தை அறிந்திரேன். குடத்தை அறியாதிருந்தேனாயின் குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளி என்றே இன்றும் எண்ணியிருப்பேன்.

1. குடம் வெடித்த கதை

எங்கள் ஊர் பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூர். அப்பாயி மணமாகி வந்தபொழுது கொணர்ந்த பித்தளைக் குடம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன், வீடு செப்பனிடப்பட்ட காலத்தில், பாத்திரங்களுட் சில மாட்டுத்தொழுவத்துப் பரண்மேல் ஏற்றப்பட்டன. குடமும் அவற்றோடு சென்றது. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, மார்கழியில் அதனை இறக்கியபொழுது, வாய்விளிம்பினின்று கழுத்து வழியே தோள்வரை நெடுக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

தொழுவத்திற் சாணம் அள்ளி, மாடுகளுக்குத் தீனி வைத்து வந்தவர் முதிய அம்மையார் ஒருவர். பரணில் ஏறி இறங்குவாரும் அவரே. ஆதலின், அவரே குடத்தைக் கீழே போட்டிருத்தல் வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்தனர். “நான் போடவில்லை” என்று அவர் இருமுறை கூறினார். மூன்றாம் முறை கூறவில்லை. அம்மாதக் கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. தைப்பொங்கலுக்குப் பின் அவர் வேலைக்கு வரவில்லை. அப்பொழுது பதினான்கு வயதினனாகிய யானும், அவர் பொய் கூறினார் என்றே நம்பினேன். குடம் மட்டும் அப்பாயியின் கட்டிலடியிற் கிடந்தது.

நிற்க.

2. கோட்டையிற் கேட்ட பாடம்

என் தாய்மாமன் அமெரிக்க நாட்டில் வாழ்பவர். அங்கே இலக்குப் பலகையிற் சுடும் விளையாட்டிற் பழகியவர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தபொழுது, ரஞ்சன்குடிக் கோட்டையைக் காண இருவரும் சென்றோம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் அருகில் அக்கோட்டை நிற்கின்றது. 1751ஆம் ஆண்டில், முகம்மது அலியின் பக்கம் நின்ற ஆங்கிலேயரும், சந்தாசாகிபுவின் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரரும் அதனை அடுத்த வாலிகண்டபுரத்தில் பொருதனர் என்பது வரலாறு.

மதிலின்மேல் அமர்ந்து மாமா கூறியது இது: “அன்று இங்கே பொருதவரிடம் பித்தளைத் தோட்டா இல்லை. தாளிற் சுருட்டிய மருந்தைப் பல்லாற் கடித்துக் கிழித்து, குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை இட்டுக் கோலால் இடித்தனர். 1857இல் சிப்பாய்களின் நெஞ்சைக் கலக்கியதும் அத்தகைய தாள் தோட்டாவே; அதிற் பூசிய கொழுப்பு எவ்விலங்கினுடையது என்னும் ஐயம் அவ்வாண்டுத் தொடக்கத்திற் கல்கத்தாவை அடுத்த டம்டமில் எழுந்து பரவியது. அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தாள் போயிற்று, பித்தளை வந்தது.”

“பித்தளை எதற்கு? இரும்பு மலிவாயிற்றே” என்றேன்.

“மருந்து எரிந்தவுடன் எழும் காற்று பின்புறமாகப் பீறிடாமல் அடைக்க வேண்டும். பித்தளை உறை அழுத்தத்தாற் கணத்தில் விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. அழுத்தம் தணிந்தவுடன் சற்றே சுருங்கி, வெளியே எடுக்க இடந்தருகின்றது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்தது பித்தளை. செம்பு நூற்றுக்கு எழுபது, துத்தநாகம் முப்பது என்பது தோட்டாப் பித்தளையின் கலவை.”

இனி, சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘துப்பாக்கி’ என்பதும் ‘தோட்டா’ என்பதும் பிறமொழியினின்று தமிழிற் குடியேறியவை. ஆயின் தோட்டா உறையின் உறுப்புகளை மாமா மணலில் வரைந்து காட்டியபொழுது, அவற்றுக்குப் பெயர் தேட வேண்டிய இன்னல் எனக்கு நேரவில்லை. அடி, உடல், தோள், கழுத்து, வாய் என்பனவே அவை. இவை அப்பாயியின் குடத்துக்குரிய பெயர்களல்லவா? குண்டைக் கவ்விப் பிடித்திருப்பது கழுத்து. அகன்ற உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் இடம் தோள். எரியூட்டும் கேப்பு பொருந்துமிடம் அடி. குடமும் உறையும் வடிவால் உடன்பிறந்தவை. நோயாலும் அவை உடன்பிறந்தவை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

3. கழுத்தை ஒடுக்கல்

ஒருமுறை சுட்ட உறையை எறியாமல், மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு வழங்குவது மேனாட்டு இலக்காளரிடையே உள்ள வழக்கம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இன்றித் தோட்டா ஆக்குதல் குற்றமாகும். ஆதலின் ஈண்டு யான் எழுதுவது அறிவதற்கேயன்றிச் செய்வதற்கன்று.

சுட்டபின் உறையின் கழுத்து விரிந்துவிடுகின்றது. புதிய குண்டை இட்டால் அது தொளதொளத்து உள்ளே விழும். ஆகவே உறையை எஃகு அச்சு ஒன்றினுட் செலுத்திக் கழுத்தை ஒடுக்குகின்றனர். பின்னர், அச்சின் நடுவேயுள்ள தண்டின் குமிழ் கழுத்தின் உட்புறம் வழியே இழுபட்டு, உள்விட்டத்தைச் சீராக்குகின்றது. உறை முழுவதையும் ஒடுக்குவது ஒரு முறை. கழுத்தை மட்டும் ஒடுக்குவது மற்றொரு முறை. பின்னதில் உடலும் தோளும் அந்தத் துப்பாக்கி அறையின் அளவிலேயே நிற்கும். பித்தளையும் குறைவாகவே அலைக்கழிக்கப்படும்.

அளவு எத்துணை நுண்ணியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: குண்டின் விட்டம் 0.308 அங்குலமாயின், கழுத்தின் உள்விட்டம் 0.306 அங்குலம் அளவில் இருத்தல் நன்று. இடைவெளி அங்குலத்தை ஆயிரங் கூறிட்டதில் இரண்டு கூறு. அஃது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அம்மயிரளவே குண்டைப் பிடித்து நிறுத்தும் பிடி.

மாமாவுக்கு நேர்ந்த இடர் இப்பிடியைப் பற்றியது. பல்லாண்டு பழகிய அதே அச்சு, அதே குண்டு. ஆயினும் அண்மையில் ஒடுக்கிய உறைகளிற் குண்டு உறுதியாக நிற்கவில்லை. விரலால் அழுத்தினாலே உள்ளே இறங்கிற்று. அச்சு தேய்ந்துவிட்டது என்று கருதி, புதிய அச்சு வாங்கும் எண்ணத்தோடு அவர் ஊருக்கு வந்திருந்தார்.

4. கன்னார் கூறிய மறுமொழி

மறுநாள் அரியலூர்க் கடைத்தெருவில், பாத்திரங்களுக்கு ஈயம் பூசியும் ஒடுக்கெடுத்தும் பிழைக்கும் முதிய கன்னார் ஒருவரிடம் வேறு ஒரு பாத்திரத்தைக் கொண்டு சென்றோம். அவர் அதனை உலையில் இட்டுத் துருத்தி ஊதினார். மங்கிய செந்நிறம் ஏறியதும் எடுத்து ஆற்றினார். பின்னரே பட்டடையில் வைத்துத் தட்டினார். சிறிது நேரம் தட்டி, மீண்டும் உலையில் இட்டார்.

“ஐயா, அடிக்கடி ஏன் காய்ச்சுகின்றீர்கள்?” என்று வினவினேன்.

“தம்பி, அடிக்க அடிக்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும். விறைத்த பித்தளை சொன்ன சொல் கேளாது. வளைத்தால் திரும்பி வந்துவிடும். மேலும் அடித்தால் வெடிக்கும். உலையிற் காட்டினால் மறுபடியும் கேட்கும்.”

மாமா சட்டென்று என்னை நோக்கினார். “திரும்பி வந்துவிடும்” என்னும் அச்சொல்லே அவர் இடருக்கு விடை. அவருடைய உறைகள் எட்டு முறைக்கு மேல் விரிந்தும் ஒடுங்கியும் விறைத்தவை. அச்சு அவற்றைச் சரியான அளவுக்கே ஒடுக்கியது. அச்சினின்று வெளிவந்ததும் அவை மீண்டு விரிந்தன. குற்றம் எஃகினிடத்தன்று, பித்தளையினிடத்தே.

உலோகம் ஏன் விறைக்கின்றது? பித்தளை எண்ணிறந்த நுண்படிகங்களின் தொகுதி. வளைக்கும்போதும் நசுக்கும்போதும் அப்படிகங்களினுள் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவ்வாறு வழுக்குதற்கு வழிசெய்யும் அடுக்குக் குறைகள் வேலை மிகமிகப் பெருகி, ஒன்றையொன்று சிக்கிக்கொண்டு தடுக்கின்றன. ஆதலின் உலோகம் கடினமாகின்றது. வெப்பமூட்டியவழிப் பழைய சிக்கலுற்ற படிகங்கள் நீங்கிப் புதிய படிகங்கள் தோன்றுகின்றன, மென்மை மீள்கின்றது. தொழிற்சாலையிலும் இதுவே முறை. வட்டத் தகடு ஒன்றைக் கிண்ணமாக்கி, பன்முறை நீட்டி, இடையிடையே காய்ச்சியே உறையாக்குகின்றனர். படைத்துறைத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்புமாகக் காணும் நிறம், இறுதியிற் காய்ச்சியதன் அடையாளமாகும்.

5. குற்றங்களும் அவற்றை ஆராயும் நெறியும்

அன்றிரவு மாமா சொல்லச் சொல்ல, கழுத்து ஒடுக்குவதில் நேரும் குற்றங்களை ஒரு தாளில் வரிசைப்படுத்தினேன். மருத்துவன் நோயை நாடுவது போல, ஒவ்வொன்றிலும் குறி, காரணம், தெளியும் வழி என்பவற்றைக் காண்க.

முதலாவது, பிடி தளர்தல். குண்டு கழுத்தில் நில்லாது. காரணம் மூன்றாகலாம்: அச்சு அகன்றிருத்தல், உட்குமிழ் பெருத்திருத்தல், பித்தளை விறைத்திருத்தல். தெளியும் வழி எளிது. அதே ஆலையிற் செய்த புதிய உறை ஒன்றை அதே அச்சில் ஒடுக்கிப் பார்க்க. புதியது குண்டைப் பிடிக்குமாயின் அச்சும் குமிழும் குற்றமற்றவை. பழைய பித்தளையே காரணம். புதியதும் தளருமாயின், குமிழைக் கழற்றிவிட்டு இன்னொன்றை ஒடுக்குக. இப்பொழுது பிடித்தால் குமிழ் பெரிது; இப்பொழுதும் பிடியாவிடின் அச்சு அவ்வுறையின் மெல்லிய கழுத்துக்கு அகலமானது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் விளங்காது.

இரண்டாவது, கழுத்து சரியாக இருந்தும் உறை துப்பாக்கி அறையினுள் இறுகுதல். கழுத்தை மட்டும் ஒடுக்குவோர் இதனைச் சில முறைகளுக்குப் பின் காண்பர். உடலும் தோளும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வளர்ந்து அறையை நிரப்பிவிட்டன என்பது இதன் பொருள். கழுத்தைக் குறைகூறிப் பயனில்லை. உறை முழுவதையும் ஒருமுறை ஒடுக்கித் தோளைச் சற்றே பின்தள்ளுதலே தீர்வு. சோதிப்பதாயின் மருந்தும் கேப்பும் குண்டும் அற்ற வெற்றுறையைக் கொண்டே சோதித்தல் வேண்டும். வன்மையாக அடைத்தல் ஆகாது.

மூன்றாவது, கழுத்து நீளுதலும் கோணுதலும். அச்சினின்று உறையை இழுக்கும்பொழுது கிறீச்சென்னும் ஒலி எழுமாயின், குமிழ் வறண்ட கழுத்தைப் பற்றி இழுக்கின்றது என்று அறிக. கழுத்தின் உட்புறத்தைத் துடைத்து, மிகச் சிறிதளவு மசகு இட்டால் ஒலி நீங்கும். இதனைப் பொருட்படுத்தாது விடுதல் தீது. நீண்ட உறையின் வாய் அறையின் எல்லையில் முட்டிக் குண்டை இறுக்கும். இறுக்கினால் வெடிக்கும்போது அழுத்தம் அளவுகடந்து உயரும். ஆதலாலேயே ஒடுக்கியபின் நீளத்தை அளந்து, மிகுந்ததை வெட்டிக் குறைக்கின்றனர்.

நான்காவது, தோளிற் குழி விழுதல். இது மசகின் குறையாலன்று, மிகையால் விளைவது. அச்சினுட் சிக்கிய எண்ணெய் வெளியேற வழியின்றிப் பித்தளையை உள்ளே நெருக்குகின்றது. மூன்றாம் குற்றத்துக்கு மருந்தாகியதே அளவு மீறியவிடத்து நான்காம் குற்றத்துக்கு நோயாதல் காண்க.

ஐந்தாவது, கழுத்து பிளத்தல். பன்முறை வழங்கிய உறையில் வாயினின்று நெடுக ஓடும் பிளவு, விறைப்பின் முடிவு. பிளந்த உறைக்கு மருந்தில்லை. அதனை நசுக்கி எறிதலே முறை. பிளவாதவற்றைக் காத்தற்குக் கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடிகள் அனலிற் காட்டி மென்மையாக்குகின்றனர். அடியில் வெப்பம் ஏறவே கூடாது. வெடியின் முழு வலிமையையும் தாங்குவது அடியே. அது மென்மையுற்றால் உறை பீறிச் சுடுவோன் முகத்தின்மேல் தீங்கு வரும். கழுத்தையும் அளவுக்கு மேற் காய்ச்சினால் அது மெழுகு போல் நெகிழ்ந்து, பிடியற்றுப் போகும். விறைப்பும் குற்றம், மிகுநெகிழ்ச்சியும் குற்றம்.

இவ்வைந்தையும் எழுதி முடித்தபின், “ஒருமுறையும் சுடப்படாத உறை பிளப்பதுண்டா?” என்று வினவினேன். மாமா சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “உண்டு. அது நம் நாட்டிலேயே முதலில் வியப்போடு காணப்பட்டது” என்றார்.

6. குதிரைக் கொட்டிலும் பருவமழையும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்திற் போர்த்தொழில் ஓய்ந்திருந்தமையால், தோட்டாக்களைக் குதிரைக் கொட்டில்களில் அடுக்கிவைத்தனர். மழை கழிந்து எடுத்துப் பார்த்தபொழுது, அவற்றுட் பல பிளந்திருந்தன. ஒருவரும் சுடவில்லை, ஒருவரும் கீழே போடவில்லை. பிளவு மிகுதியும் கண்ட இடம், உறை குண்டை இறுகக் கவ்வியிருந்த கழுத்தே.

பித்தளைக்கு வரும் இந்நோயைப் ‘பருவ வெடிப்பு’ என்று கூறலாம். இதன் காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் 1921ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். அவர் கண்ட உண்மையின் சாரம் வருமாறு: இருபொருள் ஒருங்கு கூடினாலன்றி இந்நோய் வாராது. ஒன்று, உலோகத்தினுள் ஒளிந்துகிடக்கும் இழுவிசை. குளிர்நிலையில் நீட்டியும் ஒடுக்கியும் செய்த பித்தளையினுள் ஒரு பகுதி மற்றொரு பகுதியை எந்நேரமும் இழுத்தவண்ணம் இருக்கும். புறத்தே அமைதியாகத் தோன்றும். மற்றொன்று, அம்மோனியா. குதிரையின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா ஆவி எழுகின்றது. மழைக்காலத்து ஈரம் பித்தளைமேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிய, ஆவி அதிற் கரைந்து, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு செம்பை அரிக்கின்றது. அரிப்பு மேற்பரப்பு முழுவதும் பரவாமல், இழுவிசை மிக்க இடத்திற் படிகங்களின் எல்லை வழியே ஊசி போல் உள்ளே இறங்குகின்றது. இறுதியில் உலோகம் தானே பிளக்கின்றது. துத்தநாகம் மிகுந்த பித்தளை இந்நோய்க்கு எளிதில் ஆளாகும்; நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறைவாயின் பெரும்பாலும் தப்பும்.

தீர்வும் இரண்டு. அம்மோனியா உள்ள இடத்தில் வையாமை ஒன்று. செய்து முடித்த பித்தளையை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒருமணி அளவு வைத்து, கடினம் குறையாமலே உள்விசையை மட்டும் தணித்தல் மற்றொன்று.

மாமா சொல்லி முடிக்குமுன் எனக்கு மெய் நடுங்கிற்று. குதிரைக் கொட்டில் என்னும் இடத்தில் மாட்டுத்தொழுவம் என்று வைத்துப் பார்த்தேன். பருவமழை என்னும் இடத்தில் ஐப்பசி, கார்த்திகை என்று வைத்துப் பார்த்தேன். உறையின் கழுத்து என்னும் இடத்திற் குடத்தின் கழுத்தை வைத்துப் பார்த்தேன்.

7. குடம் கூறிய சான்று

கட்டிலடியினின்று குடத்தை எடுத்து விளக்கின் அருகில் வைத்தோம். ஐந்தாம் பிரிவில் எழுதிய நெறிப்படியே ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

மேலிருந்து விழுந்த பித்தளைக் குடம் முதலில் ஒடுங்கும். வயிற்றிலோ விளிம்பிலோ நெளிவு காணும். அக்குடத்தின் வயிற்றில் ஒடுக்கு ஒன்றும் இல்லை. விளிம்பு வட்டம் மாறவில்லை. அடியால் உண்டாகிய வெடிப்பாயின், அடிபட்ட இடத்தினின்று தொடங்கும். இஃது அடியின் சுவடே இல்லாத கழுத்தில், மேலிருந்து கீழாக நெடுக ஓடியது. வெடிப்பின் ஓரங்களில் நீலப்பச்சை நிறம் படிந்திருந்தது. வெடிப்பின் இரு கரைகளும் சற்றே அகன்று நின்றன. உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை விடுபட்டமைக்கு அது சான்று.

மறுவாரம் அரியலூர்க் கன்னாரிடம் அதனைக் காட்டினோம். அவர் விரலாற் கழுத்தைத் தடவிப் பார்த்து, “கழுத்தை ஒடுக்கிய பிறகு கடைசியிற் காய்ச்சாமல் விட்டிருக்கிறார்கள். எங்கே வைத்திருந்தீர்கள்?” என்றார். “தொழுவத்துப் பரணில்” என்றேன். “மாட்டுத் தொழுவில் பித்தளையை யாராவது வைப்பார்களா, தம்பி?” என்று அவர் கேட்டார். அம்மோனியா என்னும் பெயரை அவர் அறியார். ஆயினும் அதன் செயலை அறிந்திருந்தார். பித்தளையைத் தொழுவில் வைக்கலாகாது என்பது அவர் தந்தை அவருக்குக் கூறிய அறிவுரையாம்.

ஆகவே குடத்தைக் கெடுத்தவர் யார்? பரணில் ஏற்றச் சொன்ன நாங்களே. ஏற்றியவர்மேல் எங்கள் பிழையைச் சுமத்தினோம்.

8. செலுத்திய கடன்

அப்பாயியிடம் அனைத்தையும் எடுத்துரைத்தேன். படிகம், இழுவிசை என்பன அவருக்கு விளங்கினவோ அறியேன். “அப்படியானால் அவள் போடவில்லை” என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையிற் பிடித்த கூலியைப் போல மும்மடங்கு பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, “வா, போகலாம்” என்று தாமே புறப்பட்டார்.

அவ்வம்மையார் ஊரின் மறுகோடியில் மகள் வீட்டில் இருந்தார். அப்பாயி சென்று திண்ணையில் அவர் அருகே அமர்ந்து, “நீ அன்று சொன்னதை நான் கேட்கவில்லை” என்றார். வேறு சொல் வரவில்லை. யான் இடையிற் புகுந்து, கொட்டில், மழை, அம்மோனியா என்று வகுப்பிற் பாடம் ஒப்பிப்பவனைப் போல உரைத்தேன். அவர் முழுவதையும் பொறுமையோடு கேட்டுவிட்டு என்னை நோக்கிக் கூறியது இன்றும் செவியில் நிற்கின்றது:

“தம்பி, நான் போடவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களுக்குத்தான் அதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு படிப்பு வேண்டியிருந்தது.”

பணத்தை அவர் முதலில் வாங்கவில்லை. அப்பாயி மீண்டும் மீண்டும் வேண்டியபின், பிடித்த கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, எஞ்சியதைத் திருப்பித் தந்தார். எங்கள் வீட்டுக்கு மீண்டும் வேலைக்கு வரவில்லை. அதனை எதிர்பார்க்கும் உரிமையும் எங்களுக்கில்லை.

9. முடிவுரை

மாணவ நண்பர்களே! தோட்டாவைப் பற்றிய கல்வி உங்களுக்கு வாழ்நாளிற் பயன்படாதிருக்கலாம், பயன்படாதிருத்தலே நன்று. ஆயின் குற்றம் நாடும் நெறி எல்லார்க்கும் பயன்படும். அந்நெறியின் சுருக்கம் இது: குறியை முதலிற் காண்க, அக்குறிக்குக் கூடிய காரணங்கள் அனைத்தையும் எண்ணுக, ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க, ஒரு காரணம் தன் சுவட்டை விட்டிருத்தல் வேண்டுமாயின், சுவடு இல்லாதவிடத்து அக்காரணத்தை விலக்குக. மாமா குற்றமற்ற அச்சை எறியவிருந்தார். அதனால் இழப்பது பணமே. நாங்கள் குற்றமற்ற ஒருவரை விலக்கினோம். அதனால் இழந்தது பணத்தால் மீளாதது.

கன்னாரின் சொல் ஒன்றையும் மறவாதிருப்போமாக. இடைவிடாது அடிக்கப்பட்ட பித்தளை விறைக்கும். புறத்தே அமைதியாய் நின்றாலும் உள்ளே இழுபட்டே நிற்கும். ஒருநாள் யாரும் தொடாமலே பிளக்கும். இருமுறை “நான் போடவில்லை” என்று கூறி மூன்றாம் முறை வாய் மூடிய அவ்வம்மையாரின் அமைதியை, அன்று குற்றத்தை ஒப்புக்கொண்ட அமைதி என்று யான் கருதினேன். அவ்வமைதியின் பொருளை இன்று அறிகின்றேன்.

குடம் இப்பொழுது என் மேசையின்மேல் இருக்கின்றது. கன்னார் அதனைப் பொடி வைத்து ஊதி ஒட்டித் தருவதாகக் கூறினார். அப்பாயி வேண்டா என்றார். “வெடிப்பு அப்படியே இருக்கட்டும், பார்க்கும்போது நினைவு வரும்” என்பது அவர் கருத்து. அவ்வாறே இருக்கின்றது.